வீட்டுக்காரருக்கு என் நைட்டி

ஆக. 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தோல் பதனிடும் ஷெட் பக்கமிருந்து நாற்றக் காற்று, ஜன்னல் திறக்க முடியவில்லை. கம்பெனிக்கு அரை நாள் லீவு.

வீட்டுக்காரருக்கு (இனி வீ.கா., முழுசாக எழுத நேரமில்லை) இடுப்பில் வந்திருப்பது வேர்க்குரு இல்லையாம், அக்கி. இடது பக்கம் முழுக்கக் கொப்புளம், பாதி ஒட்டியாணம் போட்ட மாதிரி. ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா: "இடுப்புல எதுவும் கட்டாதீங்க. பேண்ட், லுங்கி ரெண்டும் வேணாம்." வீ.கா.: "அப்ப இன்னாத்ததான் போட்டுக்கறது?" அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது அக்கி எழுதவும் கூட்டிப்போனேன். பானை செய்கிற பெரியவர் காவிக்கல் குழைத்து வயிற்றில் ஒரு சிங்கம் வரைந்துவிட்டார். மாத்திரையும் சிங்கமும் சேர்ந்து வேலை பார்க்கட்டும்.

சாயங்காலம் என் பச்சைப் பூப்போட்ட நைட்டியை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம் திட்டு. அப்புறம் மாட்டிக்கொண்டார். மேலே மீசை, உள்ளே சிங்கம், சுற்றிலும் பூ. யமுனா குளியலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். பெற்ற மகள், பதினொன்றாவது படிக்கிறாள், கொஞ்சம்கூட இரக்கமில்லை.

மறக்கக்கூடாதது: மாத்திரை ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. காவிக்கறை போகாது, பழைய நைட்டி மட்டும். யமு கபடி பாரத்தில் கையெழுத்து, 12ஆம் தேதிக்குள்.

ஆக. 5, செவ்வாய்

பாரம்தான் பெரிய தலைவலி. மாவட்டப் போட்டி, திருப்பத்தூர். ஷார்ட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும். போன வருஷம் நான் கையெழுத்துப் போட்டேன். இவர் ஸ்கூலுக்கே போய், வேனில் உட்கார்ந்திருந்த பெண்ணை இறக்கிக் கூட்டிவந்தார். அதனால் இந்தத் தடவை பி.டி. மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: அப்பா நேரில் வரணும், என் முன்னாடி கையெழுத்துப் போடணும். அடுத்த வருஷம் பப்ளிக் பரீட்சை. யமுவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இவர் பதில் ஒரு மாசமாக ஒன்றே. "அர டவுசரோட ஓடுனா நாலு பேரு பாத்து இன்னா சொல்லுவான்?"

அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் மட்டும் டிவி சத்தம் கூடும்.

ஆக. 6, புதன்

இன்று குழாய்த் தண்ணீர் வரும் நாள். வருவது எட்டரைக்கு. நான் கம்பெனி வேனில், யமு ஸ்கூலில். மிச்சம் யார்? வீ.கா.தான்.

நடந்ததைப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா சொன்னார். நாலு குடத்தோடு நைட்டியில் வந்து வரிசையில் நின்றாராம். எதிர்வீட்டு தனம்தான் ஆரம்பித்தாளாம். "இன்னாண்ணா, துண்டு எங்க? துண்டு போடாம நைட்டியோட ரோட்டுக்கு வரலாமா?" எல்லாரும் சிரிப்பு.

சிரிக்கமாட்டார்களா? இந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் நைட்டிமேல் துண்டு போடாமல் வாசல் தாண்டமாட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு அதிகாரியே இவர்தான். யமு கோலம் போடப்போனாலும் "துண்டு எங்க?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

இவர் வீட்டுக்குத் திரும்பிவந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி போனாராம். மும்தாஜ் அக்கா: "சிரிச்சதுக்கு அப்புறமும் வந்து நின்னாரு பாருங்க, அதுக்கே கை தட்டலாம்."

ராத்திரிச் சோற்றின்போது வீ.கா. என்னிடம்: "ரெண்டு கையிலயும் கொடம் கீது. துண்டு நழுவுது. தூக்கிப் போட்டா மறுபடி நழுவுது. பேஜார்." அப்புறம்: "பாக்கெட் வேற இல்ல. செல்ல எங்க வெக்கறது?" இருபது வருஷமாக நானும் அதைத்தான் கேட்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். ரசம் ஊற்றினேன்.

ஆக. 8, வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ். வேண்டுதலுக்காகச் சேலை கட்டி, வளையல் போட்டு வந்த ஆண்கள் காலில் தெருவே மஞ்சத்தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டது. தனமும் கும்பிட்டாள். வீ.கா. கூழ்ச்சொம்போடு நைட்டியில் நின்றார். அவரைப் பார்த்து இரண்டு பேர் செல்லில் போட்டோ. சாமிக்குக் கட்டினால் பக்தி, வலிக்குப் போட்டால் வேடிக்கை போல.

கோபம் வந்தது. நான் ஷூ கம்பெனியில் செக்கிங். எட்டு மணி நேரம் பாஸ், ரிப்பேர், ரிஜெக்ட் போடுகிற கை. தெருவையும் அப்படியே போட்டேன். போட்டோ எடுத்த இரண்டு பேர்: ரிஜெக்ட். தனம்: ரிப்பேர். மும்தாஜ் அக்கா: பாஸ். புதுசாக ஒரு நைட்டி தைத்துக் கொண்டுவந்தார், நீலக் கட்டம், பெரிய சைஸ். பக்கவாட்டில் பாக்கெட்! இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

ஆக. 10, ஞாயிறு

கொப்புளம் காய்கிறது. தொட்டால் இன்னும் உயிர் போகிறது.

யமு பாரத்தை டிவி மேல் வைத்தாள். இவர் எடுத்துப் படித்தார், வைத்துவிட்டார். அவள் கெஞ்சவில்லை. "செவ்வாய்க்கெழம கடைசிப்பா. நீ லுங்கி கட்ற மாதிரி ஆனா வா. இல்லனா வாணாம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். அப்பா வரமாட்டார் என்றா, நைட்டியில் வந்துவிடுவார் என்றா, தெரியவில்லை.

ஆக. 12, செவ்வாய்

வெளிநாட்டுப் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன். லீவு கேட்டால் சூப்பர்வைசர் கண்ணாலேயே கொன்றுவிடுவார். செல் லாக்கரில். நாள் முழுக்க மனசு ஸ்கூலில். ஒரு இடதுகால் ஷூவில் நூல் விட்டதைப் பார்க்காமல் பாஸ் போட்டு, பேச்சு வாங்கினேன்.

ஆறு மணிக்கு வீடு. யமு வாசலிலேயே நின்றாள். "ம்மா, அப்பா வந்தாரு. நீல நைட்டில. துண்டு போட்டுனு."

ஆட்டோ குலுங்கினால் வலிக்கும் என்று பஜார் வழியாக நடந்தே போயிருக்கிறார். ஸ்கூல் ஜன்னல் பூராவும் தலைகளாம். கொஞ்சம் பேர் சிரிப்பு, கொஞ்சம் பேர் "யாருடி அது?" யமுதான் எழுந்து "எங்கப்பா" என்று சொன்னாளாம். பி.டி. மிஸ் எழுந்து நின்று நாற்காலி போட்டாராம். உட்காரமுடியாது என்று நின்றுகொண்டே கையெழுத்து. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"மிஸ், அந்த ஷார்ட்ஸுக்கு பாக்கெட் கீதா?"

யமு சிரித்துக்கொண்டே சொன்னாள், பாதியில் அழுதுவிட்டாள். நானும். வீ.கா. உள்ளே குறட்டை. நடந்த களைப்பு.

ஆக. 13, புதன்

வேனில் பின்சீட்டுப் பேச்சு:

"நேத்து பஜார்ல ஒர்த்தன் நைட்டி போட்டுனு போனானாமே?"

"அக்கியாம். பொண்ணுக்கு ஸ்கூல்ல கையெழுத்து போடணும்னு போனாராம். பிரியாணிக் கடைக்காரர் கரண்டிய வெச்சுட்டு வெளிய வந்து சலாம் போட்டாராம்."

"எங்கூட்டு ஆளுக்கு பேண்ட் அயர்ன் பண்ணலன்னாலே ஸ்கூல் பக்கம் வராது."

"இன்னா இருந்தாலும் ஆம்பள ஆம்பளயா இருக்கணும்." (இது ஒரு குரல் மட்டும். ரிஜெக்ட்.)

"அப்படி ஒரு அப்பன் கெடைக்கணுமே!"

கிருஷ்ணாபுரம் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. திரும்பி, "அது எங்க வூட்டுக்காரரு" என்றேன். அப்புறம் ஒரே கூச்சல், கைகொடுத்தார்கள். கல்யாணத்தன்றுகூட இவரை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன். நேரில் சொன்னால் தலைகால் புரியாது.

ஆக. 24, ஞாயிறு

ராத்திரி மழை, காலையில் குளிர்ச்சி. வீ.கா. லுங்கிக்குத் திரும்பிவிட்டார். நீல நைட்டியை மடித்துத் தன் சட்டைகளோடு வைத்திருக்கிறார்.

நேற்றுப் போட்டி. இரண்டாவது ஆட்டத்தில் தோல்வி. யமுவுக்கு முட்டியில் சிராய்ப்பு, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இவர் கேலரியில் நின்று கத்திக் கத்தி இன்று குரல் இல்லை.

எட்டரைக்குத் தண்ணீர். யமு இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நைட்டியோடு கிளம்பினாள். தோளில் துண்டு இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றேவா? இவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பார்த்தார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு நின்றேன்.

குழாயடியிலிருந்து தனம்: "இன்னாண்ணா, பொண்ணு துண்டு இல்லாம வந்துகிது?"

வீ.கா. வாய் கொப்பளித்துத் துப்பினார். அந்த உடைந்த குரலில்: "ரெண்டு கையிலயும் கொடம் இருந்தா துண்ட யாரு புடிக்கறது? நீ புடிக்கிறியா?"

தனம் தன் தோளிலிருந்த துண்டை உருவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாய்க் கம்பிமேல் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.