சந்து இல்லாத மட்டாஞ்சேரி

டெல்ஃப்ட், நெதர்லாந்து
4 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் சிரித்துத் தள்ளுவாய். அதனால் எழுதுகிறேன். இங்கே ஒரு கூடத்துக்குள் கடல் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே. மோட்டாரைப் போட்டால் அலை எழும்புகிறது. நேற்று அதன் கரையில் நம் மட்டாஞ்சேரியைச் செய்து வைத்தார்கள். படகுத்துறை, மிளகுக் கிடங்குகள், பஜார் ரோடு எல்லாம் என் முழங்கால் உயரம். தண்ணீர் ஏறி வந்து, நான் கணக்குப் போட்ட தடுப்புச் சுவரில் முட்டித் திரும்பியது.

ஆனால் நம் சந்து இல்லை. கிடங்குகளுக்குப் பின்னால் வெறும் பலகை. பழைய கட்டடங்களைக் காக்கத்தான் என் ஆய்வுக்கு உதவித்தொகை தருகிறார்களாம். சுவரில் முட்டிய தண்ணீர் அந்தப் பலகைமேல்தான் பாய்கிறது, அக்கா. இதை ஆய்வறிக்கையில் எழுதினால் அடுத்த வருஷப் பணம் கிடைக்காது. ஆய்வும் பாதியில் நிற்கும். என்ன செய்ய?

உன்
லதா

மட்டாஞ்சேரி
19 டிசம்பர் 2024

எடி லதா,

சுகம்தானே? எனக்கு மலையாளம் எழுதித்தான் பழக்கம், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். அமாவாசைக்கு வேலியேற்றம், கடல் பொங்கி அடுக்களை வரை வந்தது. இட்லி மாவுப் பாத்திரத்தைக் கட்டிலில் ஏற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுக் காமாக்ஷி, “உன் தங்கச்சி வெள்ளத்தைப் பத்தித்தானே படிக்குது? ஒரு வழி சொல்லச் சொல்லு” என்றாள். “அவ கடலையே ரூமுக்குள்ள பூட்டியாச்சு, சேச்சி” என்றேன்.

ஒன்றும் எழுதாதே. பட்டத்தை வாங்கு. நமக்குத் தண்ணீர் புதிதா?

அமுதவள்ளி

டெல்ஃப்ட்
16 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

எழுதிவிட்டேன். திட்டிக்கொள். உதவித்தொகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. மார்ச்சில் ஊருக்கு வருகிறேன்.

எழுதுமுன் ஒரு காரியம் செய்தேன். அட்டையை வெட்டி நம் சந்து மாதிரி செய்து அந்தப் பலகையில் ஒட்டினேன். நம் வீடு, காமாக்ஷி சேச்சி வீடு, குழாயடி, எல்லாம். என் பேராசிரியர் முன்னால் மோட்டாரைப் போட்டேன். கிடங்குகள் நனையவே இல்லை. தண்ணீர் சுற்றி வந்து நம் சந்துக்குள் நுழைந்தது. அத்தனை சாந்தமாக, அத்தனை அழகாக வந்தது; எனக்குப் பயமாக இருந்தது.

“இங்கே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

“என் அக்கா” என்றேன்.

அவர் எட்டி மோட்டாரை நிறுத்தினார். கடல் அப்படியே அடங்கிப் பின்வாங்கியது, அக்கா. அந்தக் கூடத்துக்குள் அவ்வளவு சுலபம்.

உன்
லதா