தாசில்தாருக்கு நீர் அடைச்ச கதை

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாம "அம்மாடி"ன்னே கூப்பிட்ட என் அன்பான மாமாவுக்கு,

நீங்க போன பிறகு நம்ம வீட்டுல நடந்த பெரிய விஷயத்தைச் சொல்லத்தான் எழுதறேன். வேற யார்கிட்ட சொன்னாலும் ஒரு பூனைக்கா இத்தனை பாடுன்னு கேப்பாங்க. நீங்க கேக்கமாட்டீங்க. முதல்லயே சொல்லிடறேன், தாசில்தார் நல்லா இருக்கான். பதறாம படிங்க.

தாலுக்கா ஆபீசுல கடைசிவரைக்கும் பியூனா இருந்துட்டு, ரிட்டயர் ஆன வாரமே ஒரு கடுவன் பூனைக்குட்டியைத் தூக்கிட்டு வந்து அதுக்குத் தாசில்தார்னு பேர் வெச்சவராச்சே நீங்க. இத்தினி வருஷம் நான் அவரு முன்னாடி நின்னேன், இனிமே அவரு என் மடியில உக்காரட்டும்னு சொன்னீங்க. அந்தப் பேரு எங்களை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுன்னு கேளுங்க.

நீங்க இல்லாம போனதும் அவன் உங்க கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துட்டான். பாக்கெட்ல வர்ற மொறுமொறு தீனியை மட்டும் வந்து கொறிப்பான். தண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். திடீர்னு ஒருநாள் காலையில, அவனுக்குன்னு மணல் கொட்டி வெச்சிருக்கற பேசின்ல ஏறி உக்காந்தான், எழுந்தான், மறுபடியும் உக்காந்தான். ஒரு சொட்டு வரல. அப்புறம் பாத்ரூம் மூலையில, அப்புறம் அரிசி மூட்டைக்குப் பக்கத்துல. முக்கி முக்கிக் கத்தினான். அது பூனைக் கத்தலாவே இல்ல மாமா.

நான் மலச்சிக்கல்னு நெனச்சி விளக்கெண்ணெய் தேடினேன். உங்க புள்ள ஜெராக்ஸ் கடையைப் பாதி தொறந்தபடியே விட்டுட்டு ஓடி வந்தார். என்கிட்ட பேசினதைவிட எங்கப்பா இந்தப் பூனைகிட்டதான் அதிகம் பேசினாருன்னு அதைத் தொடாமலே இருந்தவர், அன்னைக்குத்தான் முதல்முதலா அதன் வயித்துல கை வெச்சார். எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா இருந்துச்சு. நம்ம மலை ஊரு மாட்டு டாக்டர் தொட்டதுமே சொல்லிட்டார். நீர் அடைச்சிருக்கு, இதுக்கான குழாய் என்கிட்ட கிடையாது, உடனே திருப்பத்தூர் போங்க, தாமதிச்சா உசுருக்கு ஆபத்துன்னார்.

காய்கறிக் கூடையில வெச்சி, மேல துண்டைக் கட்டி, பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு தாசில்தார் ஓலமிட்டான். உங்க புள்ள திருப்பத்தூர் கிளினிக்குக்குப் போன் போட்டார். மலைப்பாதையில சிக்னல் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், கத்திக் கத்தித்தான் பேச முடிஞ்சது.

"தாசில்தாருக்குக் காலையிலேர்ந்து ஒண்ணுக்கே வரலீங்க. வயிறு உப்பிப்போச்சி. கூடையில வெச்சித் தூக்கிட்டு வர்றேன்."

முன்சீட்டுப் பெரியவர் ஒருத்தர் திரும்பி, எந்த ஊரு தாசில்தாருப்பான்னு பணிவா விசாரிச்சார். கண்டக்டர் எழுந்து வந்து அதிகாரியைத் தேடினார். நான் துண்டை விலக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கல மாமா. ஆலங்காயத்துல நாங்க மாற வேண்டிய திருப்பத்தூர் பஸ் கிளம்பிட்டிருந்துச்சு. படியில தொங்கிக்கிட்டே விசிலடிச்சி அதை நிறுத்தினார். "தாசில்தார் வர்றாரு, நில்லுப்பா"ன்னார். அந்த டிரைவர் நெஜமாவே இறங்கி, சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டு நின்னார்.

கிளினிக்ல இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. மயக்க ஊசி போட்டு, நூல் கணக்கா ஒரு குழாயை உள்ள விட்டு அடைப்பை எடுத்தாங்க. வந்த நீர்ல ரத்தம் கலந்திருந்துச்சு. அதுல ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்ல வெச்சி எங்களையும் பார்க்கச் சொன்னாங்க. பொடிப்பொடிக் கண்ணாடி மாதிரி மின்னுச்சு. ஆண் பூனைக்கு வழி குறுகல், தண்ணி சரியாக் குடிக்கலைன்னா இந்தப் படிகமெல்லாம் சேர்ந்து அடைச்சிக்கும்னாங்க. மனசு கஷ்டப்பட்டாலும் பூனைக்கு இது வருமாம். வீட்டுல சமீபத்துல ஏதாவது மாத்தம் உண்டான்னு கேட்டாங்க.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்"னார் உங்க புள்ள. கூடையோட காதைப் பிடிச்சித் திருகிட்டே இருந்தார். அப்புறம் அவரே, "எங்கப்பா போயிட்டாருங்க"ன்னார்.

டாக்டரம்மா எழுதறதை நிறுத்திட்டாங்க. அவன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தது துக்கம்னு எங்களுக்கு ஏன் மாமா தோணவே இல்ல?

குழாயோட சில நாள் அங்கயே கிடந்தான். குழாயை எடுத்த பிறகு சொட்டுச் சொட்டாத்தான் போனான். பழகின இடத்துக்குப் போனா தைரியம் வரும், சாயங்காலத்துக்குள்ள நல்லாப் போகலைன்னா திரும்பக் கொண்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. மொறுமொறு தீனி இனிமே கூடாதாம். அவங்க குடுத்த டின் தீனியில தண்ணி விட்டுக் கூழாக் கரைச்சித் தரணுமாம். உங்க புள்ள அந்த டின்னை மோந்து பார்த்துட்டு, உன் குழம்பைவிட வாசனையா இருக்குன்னார். இடம் பார்த்துப் பேசத் தெரியாதது அவருக்கு யார்கிட்டேர்ந்து வந்துச்சோ.

வந்ததும் வீடு பூரா மூலைக்கு மூலை தண்ணிக் கிண்ணம் வெச்சார். நான் ரெண்டைக் காலால தட்டிக் கவுத்தேன். அப்புறம் பேசினுக்கு எதிர்ல குந்திக்கிட்டு, கைக்குழந்தைக்குச் செய்யற மாதிரி "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் குடுக்க ஆரம்பிச்சார். தாசில்தார் மனு வாங்கற முகத்தோட அவரையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

வெயில் சாயற நேரம். நான் பின்னாடி பாத்திரம் கழுவிட்டிருந்தேன். உள்ளேர்ந்து அவர் குரல் கேட்டுச்சு. "போய்ட்டான் செல்வி, போய்ட்டான்."

கையில இருந்த குண்டான் நழுவி விழுந்துச்சு. பக்கத்து வூட்டு மல்லிகாக்கா, ஐயோ பெரியவரு வளர்த்த உசுராச்சேன்னு அழுதுகிட்டே வேலியைத் தாண்டி ஓடி வந்தாங்க. ரெண்டு பேரும் உள்ள போய்ப் பார்த்தா, உங்க புள்ள ரெண்டு கையிலயும் ஈர மணல் கட்டியை ஏந்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுட்டிருக்கார்.

மாமா, உங்க காரியம் முடியற வரைக்கும் அவர் கண்ணுல ஒரு சொட்டு வரல. பந்தல், நாற்காலி, டீன்னு ஓடிக்கிட்டே இருந்தார். கல்நெஞ்சுக்காரன்னு சொந்தக்காரங்க என் காதுபடவே பேசினாங்க.

மல்லிகாக்கா அவர் முதுகைத் தடவி, "அழுவாதப்பா, வேற குட்டி பார்த்துக்கலாம்"னாங்க. அப்பத்தான் தாசில்தார் அவங்க காலை ஒரு உரசு உரசிட்டுத் தண்ணிக் கிண்ணத்துக்குப் போனான். அக்கா போட்ட சத்தம் மலையே கேட்டிருக்கும்.

"இன்னாத்துக்குப்பா அப்ப போய்ட்டான்னே?"

"ஒண்ணுக்குக்கா"ன்னார், மூக்கை உறிஞ்சிக்கிட்டே.

நாங்க சிரிச்சோம். அவரும் சிரிச்சார். ஆனா அழுகை நிக்கல. கண்ணைத் துடைச்சிக்கிட்டே, "அப்பா இருந்திருந்தா இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பாரு"ன்னார். நீங்க போன பிறகு, தானா வாய் தொறந்து உங்களைப் பத்தி அவர் என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை அது.

இப்ப தாசில்தார் கூழைக் குடிச்சிட்டு, கடையில சூடா இருக்கற ஜெராக்ஸ் மெஷின் மேல படுத்துக்கறான். அவனை எழுப்பக்கூடாதுன்னு வந்தவங்களைக் காக்க வெக்கறார் உங்க புள்ள. அடைப்பு திரும்பவும் வரலாம், கண்காணிச்சிக்கிட்டே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

ஒரு வாக்கு தர்றேன் மாமா. அடுத்த பரிசோதனைக்கு நாள் தவறாம கூட்டிட்டுப் போவேன். ஒரு கிண்ணத்துலயும் தண்ணி வத்த வுடமாட்டேன். உங்க புள்ள உங்களைப் பத்திப் பேச வாயெடுத்தார்னா, அடுப்புல எது இருந்தாலும் இறக்கி வெச்சிட்டு வந்து உக்காந்து கேப்பேன்.

இப்படிக்கு,
ரெண்டு ஆம்பளைங்களையும் பார்த்துக்கற உங்க மருமக,
செல்வி