குரல் மாற்றப்பட்டது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்து முடிப்பதற்குள் நேரமாகி, ஆபீஸுக்கு அரக்கப் பரக்க ஓடினேன். கடைகளுக்குப் பில் போட நாங்கள் விற்கிற மென்பொருளில் எங்கேயோ கூட்டல் பிசகுகிறதாம். அதைத் தேடியே பாதி நாள் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் போனில் மின்னஞ்சல் பார்த்தேன். ஆப் ஸ்டோரிலிருந்து வந்திருந்தது. நான் எழுதிய ‘மெல்ல’ செயலியை நீக்கிவிட்டார்கள்.

காரணம் ஒரே வரி. "உங்கள் செயலி, ஸ்டோரில் ஏற்கெனவே உள்ள வேறொரு செயலியின் நகலாகத் தெரிகிறது."

நகலாம். எதனுடைய நகல்? டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். ‘மூச்சு ப்ளஸ்’. ஏதோ கம்பெனி. பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று நீல முத்திரை. நம் செயலியின் பச்சை நிறத்தை ஊதாவாக மாற்றியிருக்கிறார்கள், வேறு ஒரு மாற்றமும் இல்லை. பொத்தான்கூட நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மாதிரிக் காணொளியை அழுத்தினேன். அதில் என் மனைவி பேசினாள். "மெழுகுவத்தி ஊதுற மாதிரி ஊதுங்க. ஆனா அணைச்சுடாதீங்க."

காணொளியை மூடினேன். அந்தக் கருமத்தை என் போனில் ஏற்ற மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

அவள் ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவளாக இருந்தாள். வார்டில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள் என்று தினமும் புலம்புவாள். "நான் வீடு வீடா போக முடியுமா? போன்ல போட்டுக் குடுங்களேன்." அப்படி வந்ததுதான் ‘மெல்ல’. துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளிச்சத்தம் வராமல் பேசிப் பதிவு செய்தாள். நடுநடுவே சிரித்துத் தொலைப்பாள், மறுபடி முதலிலிருந்து.

ஓப்பன் சோர்ஸாகப் போட்டோம். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். குரலையும் சேர்த்தே கொடுத்தோம். கொடுக்கும் முன் அவளிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போகட்டுமே, மூச்சுக்கு என்ன பட்டாவா வச்சிருக்கோம்?" என்றாள்.

ஆகவே எடுத்தது குற்றமில்லை. எடுத்தவன் முதலாளி, கொடுத்தவன் திருடன் என்று ஸ்டோர்க்காரர்கள் தீர்ப்புச் சொல்லலாம் என்று மட்டும் நாங்கள் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவள் வந்திருந்தாள். என் மனைவியின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போனில் பதில் சொல்கிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் பணிவாகப் பேசிவிட்டு மிச்சக் கோபத்தையெல்லாம் என் வீட்டில் கொண்டுவந்து கொட்டுவாள்.

"வேற பேர்ல போட்டுத் தொலைங்க மாமா."

"பேர் இல்லம்மா பிரச்சினை. குரல்தான்."

"அக்கா குரல்மேல அவனுக்கு என்ன உரிமை?"

"நமக்கு இருக்கிற அதே உரிமை. நாம குடுத்ததுதானே."

"நல்லா குடுத்தீங்க ரெண்டு பேரும். வாசக்கதவையும் கழட்டிக் குடுத்திருக்கலாம்."

சொல்லிவிட்டு, அலம்பி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்து அலம்ப ஆரம்பித்தாள்.

மார்ச் 14, வெள்ளி

மேல்முறையீடு அனுப்பினேன். எந்தத் தேதியில் எந்த வரியை எழுதினேன் என்று ஆரம்பத்திலிருந்து எல்லாம் பதிவில் இருக்கிறது. அதையும், அவள் சிரித்துச் சொதப்பிய மூலப் பதிவுகளையும் சேர்த்து அனுப்பினேன். மூச்சு ப்ளஸ் பிறப்பதற்குப் பல வருடம் முந்தியவை. குழந்தைக்குக்கூடப் புரியும்.

தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. மனிதர் யாரும் படித்திருக்க முடியாது. "தொடர்புகொண்டதற்கு மகிழ்ச்சி. குரலுக்குச் சொந்தக்காரர் அண்மையில் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும், அவர் கேமராவைப் பார்த்துத் தம் பெயரைச் சொல்லும் சிறு காணொளியையும் இணைக்கவும்."

மார்ச் 15, சனி

முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்ல வேண்டுமாம். எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்?

மார்ச் 20, வியாழன்

திங்களன்று அவளுடைய இறப்புச் சான்றிதழை அனுப்பியிருந்தேன். காரணம் மூளையில் ரத்தக் கசிவு, தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் தெளிவாக உள்ள பிரதி. இன்று பதில்: "ஆவணத்திற்கு நன்றி. சம்பந்தப்பட்டவரே நேரடியாகத் தொடர்புகொண்டால் உங்கள் கோரிக்கையை விரைந்து பரிசீலிப்போம்."

ஆபீஸில் எல்லோர் நடுவிலும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஜோக்கா? எங்களுக்கும் சொல்றது" என்றார். எப்படிச் சொல்வது? கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இரண்டு வருடத்தில் இப்படி அழுததில்லை. அந்த நாளில்கூட ஆஸ்பத்திரி, வண்டி, சொந்தக்காரர்கள் என்று ஓடிக்கொண்டிருந்தேன், அழ நேரமே இருக்கவில்லை.

அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும் யார் முகத்தைக் காட்டினார்கள்? கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும்.

மார்ச் 26, புதன்

லாரி டிரைவர் போன் செய்தார். ஓய்வு பெற்றவர், அவளுடைய பழைய நோயாளி. அவள் டாக்டர் இல்லை என்று அவளே எத்தனையோ முறை சொல்லியும் கேட்காமல் ‘டாக்டரம்மா’ என்றே கூப்பிடுவார். அவர் போனிலிருந்தும் ‘மெல்ல’ போய்விட்டதாம். ஸ்டோர் நீக்கிய செயலிகளை ஆபத்தானவை என்று போனே அழித்துவிடுகிறது. இவர் தேடிப் பார்த்து மூச்சு ப்ளஸை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, டாக்டரம்மா நடுவுல சீட்டு வெளையாடக் கூப்பிடுறாங்களே?"

விளம்பரம். அவரிடம் விவரமாகக் கேட்டேன்.

"'இழுங்க'ன்னாங்க, இழுத்தேன். 'விடுங்க'ன்னு சொல்லுவாங்கன்னு பாத்தா, எவனோ ஒருத்தன் வந்து சீட்டுக்கட்டக் கலைக்கிறான். நானும் புடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருச்சு."

"ஏங்க, நீங்களே விட வேண்டியதுதானே?"

"அவங்க சொல்லாம எப்படித் தம்பி விடுறது?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

டிரைவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறியதும் முதல் அறை அவருடையது. ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நாற்காலி, எட்டுகிற தூரத்தில் போன், தண்ணீர், துப்ப ஒரு கிண்ணம். ஸ்டோர் வழியாக இல்லாமல் எங்கள் இணையதளத்திலிருந்தே ‘மெல்ல’வை அவர் போனில் இறக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு. ‘இந்தச் செயலி உங்கள் சாதனத்திற்குத் தீங்கு செய்யலாம்.’

மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், வேண்டாம். பேங்க் கணக்கெல்லாம் இந்தப் போன்லதான் இருக்கு."

"இது என் மனைவி பேசினதும்மா. இவ்வளவு நாளா இவர் போன்ல இருந்ததுதான்."

"தெரியும் சார். நீங்க தப்பா நினைக்காதீங்க. ஆனா செவப்புல போட்டிருக்கே."

அவளைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டிரைவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். செயலியை ஏற்றாமலேயே, தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இறுதி முடிவு என்று தலைப்புப் போட்டே அனுப்பிவிட்டார்கள். சர்ச்சைக்குரிய ஒலியை நீக்கிவிட்டுப் புதிதாகச் சமர்ப்பித்தால் ஏற்பார்களாம். இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் என் கணக்கையே மூடிவிடுவார்களாம்.

சர்ச்சைக்குரிய ஒலி. அதாவது அவள்.

எனக்கு அவள் குரல் போய்விடாது. மூலப் பதிவு இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. என் வயிறு எரிவது அதற்கில்லை. என் கம்ப்யூட்டரில் இருந்தால் அது வெறும் கோப்பு. யாரோ ஒருவர் காலையில் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், அங்கே அவள் வேலை செய்கிறாள். இந்த இரண்டு வருடமும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னாடியே கிளம்பி வேலைக்குப் போய்விட்டாள் என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் பல் தேய்த்தேன், ஆபீஸ் போனேன், இருந்தேன். இப்போ அதையும் என் கையாலேயே அழிக்கணுமா? எவன்டா நீ, என்னைச் சொல்றதுக்கு?

ஏப்ரல் 3, வியாழன்

மாட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

டிரைவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மருமகள்தான் சொன்னாள். விளம்பரம் எரிச்சலாக இருக்கிறதென்று பயிற்சியையே விட்டுவிட்டாராம். சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது.

பார்க்கப் போனேன். என் மனைவி வேலை செய்த அதே வார்டு. அவள் போனபின் இந்தப் பக்கம் நான் வந்ததேயில்லை. இப்போது அவள் இடத்தில் ஓர் இளம்பெண். நான் யாரென்று தெரிந்ததும் சட்டென்று எழுந்து நின்றாள்.

"சார், டிஸ்சார்ஜ் ஆகிற எல்லாருக்கும் ‘மெல்ல’ ஏத்திக் குடுத்துத்தான் அனுப்புவேன். இப்ப ஏத்த முடியல. பேப்பர்ல எழுதிக் குடுத்தா யாரும் செய்றதில்ல. மேடம் குரல்தான் வேணும்னு இல்ல சார். யார் குரலா இருந்தாலும் சரி, ஏதாவது ஒண்ணு குடுங்க."

மனதில் எதையும் வைத்துச் சொல்லவில்லை, வேலை நடக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். அவள் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டாம். முதல் ஆளாக என்னைத்தான் திட்டியிருப்பாள்.

டிரைவர் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சின்னவளிடம் போனில் கேட்டேன். நீ பேசித் தருவாயா என்று.

"அக்காவ எடுத்துட்டு அந்த எடத்துல என்னை வைக்கப் போறீங்களா மாமா? எப்படி வாய் வந்துச்சு உங்களுக்கு?"

வைத்துவிட்டாள். வாய் வரத்தான் வராது. வந்துவிட்டது.

ஏப்ரல் 19, சனி

தானாகவே வந்து நின்றாள். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க பேசணும்?" என்றாள். அலமாரியைக் காட்டினேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா துணி ஒண்ணையும் இன்னும் குடுக்கலையா?"

"இல்ல."

உள்ளே தலையை நீட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். முதல் தடவை அசல் இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூச்சை இழுக்க ஒன்றை அழுத்தவும் என்பாளோ என்று பயந்தேன். அதைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம், பிறகு அவளால் நிறுத்த முடியாமல் அது அழுகையாகிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் களைத்துப்போய், அலுப்போடு ஒரு தடவை சொன்னாள் பாருங்கள், "இழுங்க… அவசரம் இல்ல… விடுங்க" என்று, அதுதான் சரியாக வந்தது. நடிப்பே இல்லை. அவள் அக்கா குரலும் இல்லை, அவள் குரல்தான்.

கிளம்பும்போது, "எனக்கு அனுப்பிக் காட்ட வேண்டாம் மாமா. நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பழைய ஒலிக்கோப்புகளை எல்லாம் நீக்கினேன். ‘நிச்சயமாக நீக்க வேண்டுமா?’ என்று கேட்டது. புதியதை ஏற்றினேன். பதிப்பு நான்கு. என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில் வழக்கமாக ஒரு பத்தி எழுதுவேன். இந்த முறை இரண்டே சொல். ‘குரல் மாற்றப்பட்டது.’

எழுந்து போய் வாசலில் நின்றேன். தெருவில் எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

மே 2, வெள்ளி

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வாழ்த்துகளாம்.

மே 9, வெள்ளி

டிரைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். புதிய ‘மெல்ல’வை மருமகளே ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். திரையில் சிவப்பு வரவில்லையாம்.

"புது அம்மா கொஞ்சம் அதட்டுறாங்க தம்பி. பரவால்ல. நடுவுல யாரும் சீட்டாட வரல." சற்று நிறுத்தி, "அவங்க சவுகரியமா இருக்காங்களா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. இருக்காங்க என்றேன்.

மே 18, ஞாயிறு

ஸ்டோரில் முதல் விமர்சனம் வந்திருக்கிறது. ஒற்றை நட்சத்திரம்.

"ஏமாற்று வேலை. இது போலி. உண்மையான மெல்ல ஆப்ல வேற அம்மா பேசுவாங்க. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சு மூச்சு விடக் கத்துக்குடுத்தவங்க அவங்க. இந்தப் பொம்பளை யாரு? யாரும் ஏமாறாதீங்க."

கொதித்துவிட்டது. யாருடா போலி? அவள் அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன்டா நான். நீளமாக ஒரு பதில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டேன். அந்த மனிதரும் அவளைத்தானே தேடுகிறார்.

ஏற்றவே மாட்டேன் என்று சொன்ன மூச்சு ப்ளஸை என் போனில் ஏற்றினேன். டிரைவர் சொன்னது போலவேதான். இழுக்கச் சொன்னாள், சீட்டுக்கட்டு வந்தது. மூடினேன். விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று வேலை பார்க்கிறவன் புத்தி தானாக யோசித்தது. இணையத்தை அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன். விளம்பரம் வரவில்லை. முதல் நாளே வீம்பு பிடிக்காமல் ஏற்றிப் பார்த்திருந்தால் டிரைவருக்காவது சொல்லியிருக்கலாம்.

கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல, முழுப் பயிற்சியையும் செய்தேன். எனக்கு நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து பதில் எழுதினேன்.

"வணக்கம். நீங்கள் தேடும் அம்மா இந்தச் செயலியில் இல்லை. ‘மூச்சு ப்ளஸ்’ என்று ஊதா நிறத்தில் ஒன்று இருக்கிறது, அதை ஏற்றிக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன் போனில் இணையத்தை அணைத்துவிடுங்கள். அப்போது நடுவில் யாரும் வரமாட்டார்கள். கடைசிவரை அவர் மட்டும்தான் பேசுவார்."