பினாயில் கேன்

மார்ச் 4
உணவுப் பாதுகாப்புச் சோதனையில் சந்தைக் கடையொன்றில் அறுபது கிலோ கெட்டுப்போன கோழி பிடித்தோம். "நேத்து வெட்டினதுங்க" என்று கடைக்காரர் காதில் பூ சுற்றினார். எனக்கா மூக்கில்லை?

குப்பைமேட்டில் குழி வெட்டிப் போட்டோம். மண் தள்ளுமுன் பினாயில் ஊற்ற வேண்டும், யாரும் தோண்டித் தின்றுவிடாமலிருக்க. கேனைத் தூக்கினால் காலி. திரும்பிப் போய் எடுத்துவர ஒரு மணி நேரம், தலைவலி வேறு. "நாலடி ஆழம் மேடம், நாய்கூடத் தோண்டாது" என்றார் டிரைவர். மூடச் சொல்லிவிட்டேன். அறிக்கையில் 'பினாயில் ஊற்றிப் புதைக்கப்பட்டது' என்று வழக்கம்போலக் கையெழுத்து. ஆபீஸ் பெருக்கும் அக்காவும் மூட்டை தூக்க வந்திருந்தாள்.

மார்ச் 5
அக்கா வரவில்லை. மேசையெல்லாம் தூசி. எரிச்சல்.

மார்ச் 6
அக்காவும் புருஷனும் ஆஸ்பத்திரியில். வாந்தி, பேதி. வீடு குப்பைமேட்டை ஒட்டியாம் — எட்டு வருஷமாக என் மேசையைத் துடைக்கிறாள், இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

"என்னக்கா சாப்பிட்டீங்க?"

"அந்தக் கோழிதாம்மா. எப்பவும் ஊத்துவீங்க, அன்னிக்கு ஊத்தல. நல்ல கறி, எங்களுக்காக விட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அவருக்குத்தான் நெறையப் போட்டேன்."

வெளியே ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 7
அவர் போய்விட்டார். காலை ஆறு பத்துக்கு.

மார்ச் 14
மேலதிகாரி விசாரணை. அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார். கதவருகே நின்று கேட்டேன். "பினாயில் நாத்தம் அடிச்சுதுங்க. கழுவிட்டு ஆக்கினேன். என் தப்புதான்."

ஏன்க்கா? ஏன் இப்படிச் சொன்னீங்க?

அடுத்து நான். "அறிக்கையில இருக்கிறது சரிதானே?"

"சரிதான் சார்."

சொல்லிட்டேன். நாக்கு கூசல. பாவி.

மார்ச் 15
சாப்பிட முடியவில்லை.

மார்ச் 20
அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அழிக்கப்பட்ட உணவைத் திருடினாளாம். இன்றோடு கடைசி.

ஆபீஸைப் பெருக்கி முடித்து, பினாயில் கேனைக் கழுத்துவரை நிறைத்து என் மேசையடியில் வைத்தாள். "புதுசா வர்றவளுக்குத் தெரியாதும்மா. கெளம்பும்போது நீங்களே ஒரு தடவ தூக்கிப் பாத்துக்குங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்கக்கா" என்றேன்.

மேலதிகாரி அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடித்துத் திருத்திய அறிக்கை மடியில். அக்கா பக்கத்தில், எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கூப்பிடவில்லை.