அடுப்புக்கு வைத்த பொட்டு

மதினி,

இன்று காலையில் கேஸ் அவனின், அந்த கேக் சுடுகிற பெட்டியடுப்பின், கதவைத் திறந்தேன். குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது பாருங்கள், குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பழைய கொழுப்பு, கரப்பான் புழுக்கை, அதற்கு மேல் அழுகின முட்டை மாதிரி கேஸ் வாடை. சீ! பதுளையில் நான் இப்போது சமைக்கிற டாக்டர் வீட்டு அவன் அது. நெருப்புக்குச்சியைக் கிழித்துக் கிழித்து வைக்கிறேன், பற்றுவேனா என்கிறது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. செத்துப்போனவரை நினைக்க மல்லிகை வாசம், சாம்பிராணி வாசம் என்று மற்றவர்களுக்கு ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது இந்த நாற்றம்.

உள்ளதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சுத்தமில்லாத பொம்பளை. என் அண்ணன் பெண்டாட்டி என்பதற்காக அதை நான் எப்போதும் மறைத்ததில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக் குசினியில் முதலில் வேலைக்குச் சேர்ந்ததும் நீங்கள், என்னை அங்கே இழுத்து விட்டதும் நீங்கள். போன முதல் நாளே அவனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். கோழி வறுத்த நெய் தட்டுக்குக் கீழே பாசி மாதிரி படிந்து கிடந்தது. அதில் ஒட்டிச் செத்த கரப்பான்கள். நீங்களோ அதே கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாவு பிசைந்தீர்கள்.

"மதினி, ஒரு சுடுதண்ணி போட்டுக் கழுவக் கூடாதா?"

"அட போடி! தீயில போறதுக்கு என்னடி தீட்டு?"

அந்த அடுப்பை நீங்கள் ஆள் மாதிரித்தான் பேசுவீர்கள். "அவன் இன்னைக்கு மொறைக்கிறான்", "அவனுக்குக் கோபம் தணியட்டும்" என்பீர்கள். ஒரு நாள் ராச்சோறு தின்னும்போது அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு, "எவன்டி அந்த அவன்? நாள் பூரா அவன் பேச்சாவே இருக்கு!" என்று கேட்டதும், நீங்கள் சோற்றைத் துப்பிச் சிரித்ததும் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

கரப்பானை வெறுங்கையால் பிடித்து எறிகிற அதே மதினிக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில் அட்டை ஒன்று அக்குள் வரைக்கும் ஏறிவிட, கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தவர் நீங்கள். அதற்குப் பிறகுதான் எவர் எவர் காலையோ பிடித்துக் குசினி வேலையை வாங்கினீர்கள். காலையில் அடுப்பு மூட்டும்போது உங்களுக்கு ஒரே வேண்டுதல்தான். "முருகா, என்னைய மலைக்கு மட்டும் திருப்பி அனுப்பிராதே."

ஆயுத பூசை வந்தது. தேயிலை ஸ்டோரில் எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நீங்கள், "எஞ்சினுக்கு மட்டுந்தான் பூசையா? நமக்குச் சோறு போடுறவன் இவன்தானே!" என்று அவனுக்கும் பூசை வைத்தீர்கள். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் அடித் தகட்டைத் தூக்கி ஓர் ஈரத் துணியால் துடைத்தீர்கள். பிறகு தலையை உள்ளே விட்டு, பெரிய உருண்டைச் சந்தனமாக எடுத்து எங்கேயோ அப்பினீர்கள். கற்பூரம் காட்டியதோடு சரி. அதை நானும் மறந்தேன், நீங்களும் மறந்தீர்கள். அதற்குப் பிறகு அவன் மங்கலாகத்தான் எரிந்தான், நாம் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்துத் துரைசாணியின் அம்மா கொழும்பிலிருந்து வருகிறார் என்று கேக் போடச் சொன்னார்கள். மேல் அடுப்பெல்லாம் நீலமாக எரிகிறது, கீழே அவன் மட்டும் மூச்சே விடவில்லை. ஒரு பெட்டி நெருப்புக்குச்சியும் தீர்ந்தது. பண்டாரவளையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். அந்த மனுசன் கதவைத் திறந்தார், கைலேஞ்சியை மூக்கில் வைத்தார், தூரத்திலிருந்தே டோர்ச் அடித்தார். கையை உள்ளே விடவே இல்லை. "பித்தளைச் சாமான் ஒண்ணு கண்ணுல தெரியலைங்க. யாரோ கழட்டியிருக்காங்க போல" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. த்தூ! நீங்கள்தான் திருடினீர்கள் என்று பங்களாக் காவல்கார வாச்சர் நாம் குடியிருந்த லயத்துக்கு வந்தான். உங்கள் காம்பராவுக்குள் நுழைந்து தகரப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து கவிழ்த்தான். கூறைச் சேலை, பிள்ளையின் முதல் சட்டை, உங்கள் உள்பாவாடை. அதை ஒரு குச்சியால் தூக்கிக் காட்டினான். லயத்துச் சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கம் துரைசாணி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். எதுவும் கிடைக்கவில்லை. "நாளைக்குக் காலையில அந்தச் சாமான் வரணும். இல்லாட்டி நீ குசினிப் பக்கம் வராதே" என்றாள். நீங்கள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தீர்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. விடிந்ததும் சுடுதண்ணியும் சாம்பலும் தேங்காய் மட்டையுமாகக் குசினித் தரையில் உட்கார்ந்தேன். அடித் தகட்டைக் கழற்றிக் கொழுப்பைச் சுரண்டினேன். தோல் தோலாக உரிந்து வந்தது. முழங்கை வரை பிசுபிசுப்பு. நடுவில் இரண்டு தரம் எழுந்து போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன். கேஸ் வருகிற குழாயின் நுனியில் கல் மாதிரி ஒரு கட்டி இருந்தது. ரவிக்கை ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். மேலே கொழுப்பு. உள்ளே மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

அந்தச் சந்தனத்துக்கு அடியில் பித்தளை பளபளவென்று இருந்தது.

குசினி வாசலில் நின்ற உங்களைக் கூப்பிட்டேன். "மதினி! எங்க வச்சீங்க பொட்டை?"

"தீ பொறக்குற வாயிலதான்டி வச்சேன். வேற எங்க வைக்க?" என்றீர்கள். சொல்லி முடித்ததும் உங்கள் முகம் போன போக்கு! எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்களை அங்கேயே நாலு சாத்து சாத்தவும் தோன்றியது.

குச்சியைக் காட்டினேன். புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. சத்தம் கேட்டுத் துரைசாணி வந்தாள். பித்தளையைக் காட்டினேன், சந்தனத்தையும் காட்டினேன். ஒரு தரம் குனிந்து பார்த்தாள். "சரி சரி, இந்தத் தடவை மன்னிச்சிட்டேன். கேக்கைப் போடு" என்றாள்.

மன்னித்தாளாம்! யார் யாரை மன்னிப்பது?

நீங்கள் கையைக் கழுவினீர்கள். அன்றைக்கு மட்டும் நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினீர்கள். நெருப்புப் பெட்டியை எடுத்துத் துரைசாணியின் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"இனிமே அவனை நீங்களே பத்த வைங்க, அம்மா."

நானும் வருகிறேன் என்று பின்னாலேயே ஓடி வந்தேன். வழியில் திரும்பி, "நீ இருடி. ரெண்டு பேரும் போய் அட்டைக்கு ஆக்கிப் போடவா?" என்றீர்கள். மறுநாள் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டீர்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பின்னேரம் லயத்துக்கு வந்து பார்த்தேன். கணுக்காலிலிருந்து தொடை வரை ரத்தம் கோடு கோடாக ஓட, நீங்கள் படியில் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"அருவருப்பா இல்லையா, மதினி?"

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அருவருப்புத்தான். ஆனா அட்டை குடிச்சா விழுந்துரும்டி. அது வந்து என் பொட்டியைக் கவுக்காது."

கடைசியில் மொனராகலையில் மகள் வீட்டில், சுள்ளென்ற வெயிலில், அட்டையே இல்லாத ஊரில் கண்ணை மூடினீர்கள். அதில் எனக்கு ஒரு சந்தோசம்.

அந்தத் துரைசாணி முகம் எனக்கு மறந்துவிட்டது. கைலேஞ்சி மறக்கவில்லை. எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன், "ஏதாச்சும் காணலைன்னா மொதல்ல அந்த எடத்துல கையை விட்டுப் பாருங்க. அப்புறம் என் பொட்டிக்கிட்ட வாங்க." திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்றும் அடித் தகட்டைத் தூக்கி, கரப்பானையெல்லாம் வழித்துப் போட்டு, ஊக்கால் குத்தினேன். பற்றிவிட்டான். வரப்போகிற ஆயுத பூசைக்கு இவனுக்கும் சந்தனம் உண்டு, மதினி. கதவுக்கு மேலே, நெற்றியில் வைப்பேன். வாயில் வைக்க மாட்டேன்.