வியாழக்கிழமை நர்ஸ்

மார்ச் 4, செவ்வாய்
மகளிர் குழுத் தலைவி என்று எனக்கும் ஒரு பிரதி வந்தது. எண்பது பக்கம். புண்களுக்குக் கட்டுப்போட வியாழன்தோறும் எங்கள் ஊருக்கு வரும் நர்ஸைப் பற்றி, வெலிங்டனிலிருந்து வந்த ஹேமிஷ் செய்த ஆய்வு. முடிவு: ஊரே திருப்தியாக இருக்கிறதாம்.

திருப்தியா? என் கணவரின் தங்கை லூசியாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போய்விட்டது. மறுகாலிலும் புண். வெள்ளியன்று பழுத்தால் அடுத்த வியாழன்வரை கிடக்கிறாள்.

மார்ச் 5
நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர்க்கூட்டம் நடக்கும் சபை வீட்டில் எங்கள் கையால் பன்றிக்கறி சாப்பிட்டுவிட்டு, ஹேமிஷ் "நர்ஸ் சேவை எப்படி?" என்று கேட்டான். விருந்தாளி முகத்துக்கு நேரே இந்தச் சமோவாவில் யார் குறை சொல்வார்கள்? மூத்த தலைவரின் மனைவி "ரொம்ப நல்லது" என்றாள். வரிசையாக எல்லோரும் அதையே சொன்னார்கள். லூசியாவும். ஏன் என்று இன்று அவளிடம் கேட்டேன்.

"பின்ன என்ன அண்ணி, சாப்பிட வந்த பிள்ளைகிட்ட புண்ணைக் காட்டவா?"

மார்ச் 7
தலைநகர் ஆபியாவுக்குப் போனேன். நர்ஸ்களைப் பங்கிடும் அதிகாரி செமிசி சிரிக்கிறான்.

"எல்லாருக்கும் திருப்தின்னா இன்னொரு நாள் எதுக்கும்மா?"

"என்ன தெரிஞ்சா இன்னொரு நாள் குடுப்பே?"

யோசித்தான். "வியாழன் இல்லாத நாள்ல எத்தனை பேருக்குப் புண்ணு மோசமாச்சு, அவங்க என்ன பண்ணாங்க. அவ்வளவுதான். ஆனா இருபத்தொண்ணாம் தேதிக் கூட்டத்துக்கு முன்னாடி வேணும்."

"ஹேமிஷ்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலையேம்மா."

அவன் கேட்கவில்லை. இவன் வாய் திறக்கவில்லை. எண்பது பக்கம்! நான் படித்த கன்னியர் பள்ளியில் சிஸ்டர் பெர்பெத்துவா இருவரையும் முட்டிபோட வைத்திருப்பார்.

மார்ச் 8
ஹேமிஷ் இன்னும் ஆபியாவில்தான் இருக்கிறான். போனில் சொன்னேன்: "விருந்தாளியா வராதே. எங்க குழு வீடுவீடா சுத்தம் பாக்கப் போகும்போது கூட வா." அன்று நாங்கள் குறையைத்தான் கேட்போம். மறைப்பதுதான் அவமானம்.

"ஆய்வு முறைப்படி, மேடம்—"

"முறை அப்புறம். முதல்ல செமிசியோட கேள்வியை எழுதிக்கோ."

மார்ச் 12
பாய், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை. பிறகு அந்தக் கேள்வி. லூசியா துணியை அவிழ்த்தாள். "வெள்ளிக்கிழமையிலேருந்து இப்படித்தான். இலை வெச்சுக் கட்டியிருக்கேன்."

ஹேமிஷ் எழுதுவதை நிறுத்திவிட்டான். "போன தடவை சொல்லலியே?"

"போன தடவை நீ சாப்பிட வந்தே, தம்பி. இன்னிக்கு வீடு பாக்க வந்திருக்கே."

பதினேழு வீடுகளில் இதே கதை.

மார்ச் 19
கூட்டத்துக்குப் போகும் அறிக்கை ஒரே பக்கம். மேலே செமிசியின் கேள்வி, கீழே பதில். ஹேமிஷ் முன்னுரை வைத்திருந்தான். எடுக்கச் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்
நர்ஸ் தாமதம். வியாழனோடு புதிதாகச் சேர்ந்த திங்கட்கிழமைக்கு இன்னும் பழகவில்லையாம். பழகிக்கொள்ளச் சொன்னேன். லூசியா புதுச் செருப்பு கேட்கிறாள். ஒன்று மட்டும் விற்க மாட்டேன் என்ற கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.