வாடகைப் பந்தல், பதிமூன்று பாகம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நேற்றுப் பள்ளிக்கூடங்கள் திறந்தன. ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் ஜூன் முதல் வாரத்தில் என் கால் தானாக வேகமெடுக்கிறது. இன்று அந்த வேகத்தில் மருந்துக்கடை, மின்சார ஆபீஸ், நீதுவின் கடை மூன்றையும் பதினோரு மணிக்குள் முடித்துவிட்டேன்.

நீது என்னிடம் பத்தாம் வகுப்பில் பௌதிகம் படித்தவள். இப்போது கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறாள். வீட்டில் கிடந்த இரண்டு கேசட்டைக் கொடுத்தேன். அவள் பதிலுக்கு எனக்குப் பார்க்க ஒன்று சொன்னாள். அவளுடைய அப்பா இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையாள சீரியலுக்கு ஒலிப்பதிவு செய்தாராம். பதிமூன்று வாரம் ஓடியது, பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். வீட்டுப் பரணில் இருந்த டேப்புகளை இவள் யூடியூபில் போட்டிருக்கிறாள். பெயர் ‘வாடகைப் பந்தல்’.

“டீச்சரே, இது கண்டு நோக்கணும். சிரிச்சோண்டு இருக்கும்போதே கரைஞ்சு போகும், கேட்டோ.”

அவள் பாஷையில் கரைவது என்றால் அழுவது. எனக்கு இரண்டுமே இப்போது அவசியமில்லை என்று சொன்னேன். இருந்தாலும் என் போனை வாங்கி, தானே தேடி வைத்துக் கொடுத்தாள்.

ஜூன் 5, வியாழன்

முதல் பாகம் பார்த்தேன். கதை இது. பந்தல், நாற்காலி, பெரிய வார்ப்புப் பாத்திரம் எல்லாம் சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஒருவர். ஒரு நாள் காலையில் அவரே இறந்துபோகிறார். வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. நூற்றைம்பதும் பக்கத்து ஊரில் வேறொரு சாவுக்குப் போயிருக்கின்றன. வந்தவர்கள் நிற்கிறார்கள். மூத்த மகன் அந்தச் சாவு வீட்டுக்குப் போய், அங்கே அழுதுகொண்டிருப்பவர்களிடம், “கொஞ்சம் எழுந்திருக்கலாமா?” என்று எப்படிக் கேட்பது எனத் தெரியாமல் அவர்களோடு உட்கார்ந்து தானும் அழுகிறான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு ஜன்னலைச் சாத்தினேன்.

ஜன்னலைச் சாத்தியது ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரியும். எழுதிவிடுகிறேன்.

போன ஜூலையில் அவர், என் கணவர், போனார். எங்களுக்கு மகன் இல்லை, மகள் சுப்ரியா ஒருத்திதான். அதனால் அவருடைய அண்ணா பிச்சுமணியின் மகன் கைலாஷ்தான் காரியம் செய்தான். நல்ல பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்வான். பத்தாம் நாள், முற்றத்தில், சடங்கு நடத்திவைக்கும் வாத்தியார் பழக்க தோஷத்தில், “அப்பா பேரைச் சொல்லுங்கோ” என்றார். அவர் வாழ்நாளெல்லாம் காரியம் செய்யும் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டே பழகியவர். கைலாஷும் பழக்க தோஷத்தில், இறந்துபோன சித்தப்பா பேருக்குப் பதில் தன் அப்பா பேரைச் சொன்னான். எள்ளும் தண்ணீரும் விட்டும் ஆயிற்று. அந்த அப்பா மூன்றடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார்.

“டேய் கைலாஷ், நான் இங்கே காப்பி குடிச்சிண்டிருக்கேண்டா. அது ஆறறதுக்குள்ள எனக்கு எள்ளும் தண்ணியுமா?”

நான் சிரித்தேன். புன்னகை இல்லை, சிரிப்பு. நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். சமையலறையிலிருந்து சுப்ரியா ஓடி வந்து நின்றாள். கையில் டபரா.

அன்று சாயங்காலம் அவள் சொன்னது: “அப்பா போய்ப் பத்து நாள் ஆகலை. உனக்கு வெக்கமா இல்லையாம்மா?”

அதற்கப்புறம் தினமும் கொச்சியிலிருந்து கூப்பிடுகிறாள். இரண்டு நிமிஷம். மாத்திரை சாப்பிட்டியா, கேஸ் வந்துதா, மழையா, வெக்கட்டுமா.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். மகன்கள் எதிரிக் கடையிலிருந்து நாற்காலி வாங்கி வருகிறார்கள். எதிரிக்கடைக்காரர் அதைத் தானே சுமந்து வந்து, ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாக அழுகிறார். “இனி நான் யாரோட சண்டை போடுவேன்?” என்கிறார். இதை எழுதியவர் மனுஷர்களைப் பார்த்திருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

வருஷாப்திகத்துக்கு, அவருடைய முதல் வருஷ திதிக்கு, நாள் பார்த்தாயிற்று. ஜூலை 8. சுப்ரியாவிடம் சொன்னேன்.

“காலைல வந்துட்டு சாயங்கால வண்டிக்கே திரும்பிடுவேம்மா. லீவ் இல்லே.”

லீவு இல்லாமல் இருக்காது. முப்பத்து நாலு வருஷம் லீவு லெட்டர் வாங்கியவள் நான். எது ஜுரம், எது கோபம் என்று கையெழுத்திலேயே தெரியும்.

இந்த வருஷத்தோடு இந்த வீட்டில் கர்மம் முடிகிறது. அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இருக்காது. அதுதான் எனக்குப் பயம். மற்றதெல்லாம் சமாளித்துவிட்டேன். வங்கி, பென்ஷன், தண்ணீர் மோட்டார், தனியாகச் சாப்பிடுவது, எல்லாம். இது ஒன்றுதான் பாக்கி.

ஜூன் 14, சனி

நான்காம் பாகம். இதை விவரமாக எழுத வேண்டும்.

இறந்தவரின் மனைவி சரசு. இருபத்தைந்து வருஷம் புருஷனோடு பந்தல் சாமான்களை எண்ணி அனுப்பி, எண்ணி வாங்கியவள். உடம்பு பக்கத்தில் கிடக்கிறது. அவள் உதடு அசைகிறது. உறவுக்காரர்கள் நாமம் ஜபிக்கிறாள் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். அவள் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். எண்பத்தாறு, எண்பத்தேழு. ஒரு கிழவர் எழுந்து இடம் மாறி உட்கார, கணக்குத் தப்பிவிடுகிறது. “ஐயோ!” என்று கத்துகிறாள். எல்லோரும் ஓவென்று அழுகிறார்கள். தன்னால் ஒரு கூட்டமே அழுவதைப் பார்த்து அவள் சிரித்துவிடுகிறாள்.

நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டு பார்த்தேன்.

வகுப்பில் இப்படிச் சொல்லியிருப்பேன்: குக்கரின் வெயிட் ஆடினால் குக்கர் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆடாவிட்டால்தான் ஜாக்கிரதை. அவ்வளவுதான் விஷயம். நான் அன்று செய்தது தப்பே இல்லை. இதை எனக்கு ஒரு பழைய சீரியல் சொல்லித்தர வேண்டியிருந்தது, பரவாயில்லை. யார் சொன்னாலும் விடை சரியாக இருந்தால் சரி.

ஜூன் 19, வியாழன்

நான்காம் பாகத்தைச் சுப்ரியாவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘இதைப் பார். பதினெட்டாவது நிமிஷம் முக்கியம். பார்த்துவிட்டுப் பேசலாம்.’

ஜூன் 20, வெள்ளி

அவள் பதில்: ‘எனக்கும் ஹோம்வொர்க்கா அம்மா? உனக்கு மார்க் யார் போடறது?’

நாள் முழுக்க எரிச்சல். அவள் மேல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஏழாம் பாகம். மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது, விடாமல் பார்த்தேன்.

அதே சாவு நாள் திரும்ப வருகிறது. ஆனால் இந்தத் தடவை கேமரா பின்பக்கத்தில், கிணற்றடியில். மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பக்கம் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு ‘ஐயோ’ கேட்கிறது. அழுகை கேட்கிறது. அதற்கு மேலே அம்மாவின் சிரிப்பு. அவள் கையில் பாத்திரம் அப்படியே நிற்கிறது. ஐந்து நிமிஷம் அந்த முகம் மட்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தப் பத்தாம் நாள் ஞாபகம் வந்தது.

சுப்ரியா சமையலறையில் இருந்தாள். பிச்சுமணி அண்ணாவுக்கு இரண்டாம் காப்பி கலந்துகொண்டிருந்தாள். கைலாஷ் பெயர் மாற்றிச் சொன்னதை அவள் கேட்டிருக்க முடியாது. அண்ணா சொன்னதும் கேட்டிருக்காது. அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அவளுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. அப்பாவின் பத்தாம் நாளில் அம்மாவின் சிரிப்பு.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. அண்ணாவுக்கு அது அபசகுனம்; அன்றே வாத்தியார் வேறு மந்திரம் சொல்லிச் சரிசெய்து, வெளியே பேச வேண்டாம் என்றுவிட்டார். கைலாஷுக்கு வெட்கம். நான்? ‘காரணம் சொல்லித் தப்பிக்க மாட்டேன்’ என்று நிமிர்ந்து நின்றேன். அது ரொம்பப் பெரிய குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்! கேள்வியையே போர்டில் எழுதாமல் பதினோரு மாதமாக விடையைச் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிற டீச்சர்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் பகவதி என்று ஒரு பெண். ஒரு வாரம் வராமல் இருந்து வந்தாள். ஏன் வரலை என்று கேட்டேன். சிரித்தாள். வெளியே நில் என்றேன். அவளுடைய தம்பி கல்லாற்றில் மூழ்கிப் போய்விட்டான் என்று மத்தியானம்தான் தெரிந்தது. நான் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அது நிஜம். ஆனால் ஏன் சிரித்தாய் என்று கேட்கவேயில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கூப்பிட்டாள்.

“மாத்திரை சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். கேஸ் வந்தது. மழை பெய்யறது. பாக்கி ஒன்றரை நிமிஷம் இருக்கு, அதை எனக்குக் கொடு.”

சொன்னேன். வாத்தியார் கேட்டது, கைலாஷ் சொன்னது, எள், தண்ணீர், அண்ணாவின் காப்பி. அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. நான் சிரித்தது சரியா தப்பா என்றும் சொல்லவில்லை. ‘நீ உள்ளே இருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நேற்று முன்தினம்தான் உறைத்தது. என் தப்பு’ என்று மட்டும் சொன்னேன்.

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் லிஃப்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியப்பாவா? நம்ம பெரியப்பாவா அப்படிச் சொன்னார்?”

“அவரேதான்.”

“வெக்கறேம்மா.”

ஜூன் 25

கூப்பிடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் இல்லை. ‘சௌக்கியமா’ என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதை வைத்து என்ன மார்க் போடுவது?

எட்டாம் பாகத்தைத் திறந்து, மூடிவிட்டேன். மனசு அதில் இல்லை. அவசரப்படக் கூடாது. நாமே அவசரப்பட்டால் பாத்திரம்தான் உடையும்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு வாரம். தினமும் வந்துகொண்டிருந்த அந்த இரண்டு நிமிஷமும் போய்விட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? இல்லை. சொன்னது சரி. சரியான காரியத்துக்கும் இப்படித்தான் இருக்குமோ?

தூக்கமே வரமாட்டேங்கறது. போன் சத்தம் கேட்ட மாதிரியே இருக்கு. எழுந்து போய்ப் பார்த்தா ஒண்ணுமில்லே.

ஜூலை 5, சனி

மத்தியானம் வாசலில் ஆட்டோ. சுப்ரியா. மூன்று நாள் முன்னதாக, பெரிய பெட்டியோடு.

“லீவ் இல்லேன்னியே?”

“இருந்துது.”

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ரசமும் வாழைக்காய்க் கறியும் இருந்தது, அப்பளம் பொரித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

“அந்த சீரியலைப் போடு. முதல்லேர்ந்து” என்றாள்.

முதல் பாகம் பார்த்தோம். மகன் வேற்றுச் சாவில் உட்கார்ந்து அழுகிற இடம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். நடுவிலே திருத்தாதே.”

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உடம்பை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தவள் அவள்தான். நான் வீட்டை ஒழுங்கு செய்ய முன்னால் வந்துவிட்டேன். அவருடைய போன் அவள் பையில் இருந்திருக்கிறது. எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. பிரஷர் மாத்திரைக்கு அவர் வைத்த அலாரம். சாதாரண மணி காதில் விழாது என்று அவர் அதற்குக் கெட்டிமேளம் வைத்திருந்தார்.

“பைக்குள்ளேர்ந்து கெட்டிமேளம்மா! தவிலும் நாயனமும். எனக்கு அந்த போனை எப்படித் திறக்கணும்னு தெரியலே. கூட இருந்த ஆம்புலன்ஸ் பையன், ‘சேச்சி, கல்யாண வீட்லேர்ந்து விளிக்கறா, எடுங்கோ’ங்கறான். கிழக்கேகோட்டைலேர்ந்து நம்ம தெரு வரைக்கும் அடிச்சுது. அப்பாவை மேளதாளத்தோட ஆத்துக்கு அழைச்சிண்டு வந்தேன்.”

நான் ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

“எனக்கு சிரிப்பு வந்துதும்மா. துப்பட்டாவைக் கடிச்சுண்டேன். அப்பா பக்கத்திலே படுத்துண்டிருக்கார், நான் சிரிக்கப் பார்க்கறேன். நான் என்ன பொண்ணுன்னு ஆயிடுத்து. யார் கிட்டயும் சொல்லலே. அப்பறம் பத்தாம் நாள் நீ பாட்டுக்கு... எல்லார் முன்னாடியும்...”

“நீ அடக்கிண்டே. நான் அடக்கலே.”

“அதாக்கும். உன்னைத் திட்டினா என்னைத் திட்டின மாதிரி இருந்தது. அதான் விடாம திட்டினேன்.”

எனக்கு உதாரணம் ஒன்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். “அந்தப் பையன் நிஜமாவே கல்யாணம்னு சொன்னானா?” என்று மட்டும் கேட்டேன்.

“சத்தியமா.”

அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். இரண்டு பேரும் சோபாவிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் அவள் என் மடியில் அழுத அழுகை இருக்கிறதே, போன ஜூலையில் அழ வேண்டியது. நன்றாக அழட்டும் என்று விட்டேன். ஜன்னல் திறந்தே இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வருஷாப்திகம் நல்லபடியாக முடிந்தது. இந்தத் தடவை வாத்தியார், “சித்தப்பா பேரைச் சொல்லுங்கோ, சித்தப்பா பேரை” என்று இரண்டு தரம் அழுத்தினார். கைலாஷ் சரியாகச் சொன்னான்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுப்ரியா பாயசம் பரிமாறிக்கொண்டே வந்தவள் பிச்சுமணி அண்ணா இலையின் முன்னால் நின்றுவிட்டாள்.

“பெரியப்பா, அன்னிக்குப் பத்தாம் நாள் என்ன சொன்னேள்? என் காதாலே கேக்கணும்.”

பந்தியே நின்றுபோயிற்று. கைலாஷ் இலையைப் பார்த்தான். அண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுபத்தெட்டு வயசு மனுஷர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்த்தை மாறாமல் சொன்னார்.

சுப்ரியா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கைலாஷின் மனைவி ஸ்நேகா, பிறகு கைலாஷ், பிறகு வரிசை முழுக்க.

“சிராத்த வீடாக்கும்...” என்று வாத்தியார் மெல்ல ஆரம்பித்தார்.

“ஓய், எனக்குத்தான் எள்ளுந்தண்ணி விட்டா. நானே சிரிக்கறேன், உமக்கென்ன?” என்றார் அண்ணா. “இன்னொரு கரண்டி விடு, கொழந்தை.”

ஜூலை 9, புதன்

நேற்றுச் சாயங்கால வண்டி போய்விட்டது. எட்டரை மணியாகியும் சுப்ரியா எழவில்லை. பிளாஸ்டிக் கழிவு எடுக்கும் கர்ம சேனைப் பெண்கள் தெருவில் வருவதைப் பார்த்து, அவர்கள் பெல்லை அழுத்துவதற்குள் பையோடு நானே வாசலுக்குப் போய்விட்டேன்.

வாசலில் கிடந்த இன்னொரு ஜோடிச் செருப்பைப் பார்த்து ஒருத்தி, “ஆரெங்கிலும் வந்திருக்கா டீச்சர்?” என்றாள்.

“மகள். தூங்கறா.”